பிரிக்கும் கை யாருடையது?

வீட்டுக் குப்பையை யாராவது ஒருவர் பிரித்தே தீர வேண்டும். அடுப்படியில் பிரிக்காவிட்டால் தெருமுனையில், அங்கும் விட்டுவிட்டால் கிடங்கில். வெண்டைக்காய்க் காம்பு ஒரு டப்பாவிலும் பால் பாக்கெட் இன்னொரு பையிலும் போய்ச் சேர, காய் நறுக்குகிறவருக்குக் கூடுதலாக ஒரு நிமிடம்கூட ஆகாது. அதையே ஒரே கேரி பேக்கில் திணித்து, வாயை முடிச்சுப் போட்டு, ஒரு பகல் முழுக்க வெயிலில் வைத்துவிட்டால் எல்லாம் மாறிவிடுகிறது. ரசம் ஊறிய காகிதத்தைக் காயலான் கடையில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். உடைந்த பல்பும் சவர பிளேடும் குழந்தையின் டயப்பரும் பழைய சோற்றுக்குள் புதைந்து கிடக்கும். வீட்டில் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை, இன்னொருவர் கையை விட்டுத் துழாவ வேண்டிய வேலையாகிறது. குப்பையைக் குறைக்க வேண்டுமென்று தன்னார்வலராக இறங்குகிறவர்கள் நம் ஊர்களில் இன்று நிறையவே இருக்கிறார்கள். மனசுக்கு நிறைவான செய்தி அது. ஆனால் அவர்களுடைய உழைப்பில் பெரும்பங்கு அந்த முடிச்சுப் போட்ட பையின் பக்கம் வருவதே இல்லை.

தன்னார்வம் என்றதும் நம் நினைவுக்கு வருவது கடற்கரை. ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமையை ஒட்டி உலகம் முழுக்கக் கடற்கரைத் தூய்மை நாள் நடக்கிறது. 1986ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்சாஸ் கரையில் தொடங்கிய பழக்கம் அது. மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் கல்லூரி மாணவர்களும் அலுவலக ஊழியர்களும் கையுறை மாட்டிக்கொண்டு பாட்டில்களைப் பொறுக்குகிறார்கள். கடல் ஆமைக்கும் மீனுக்கும் அதனால் நன்மை உண்டு. இளைஞர்களுக்குக் குப்பையின் அளவு கண்ணில் படுகிறது. ஆனால் பொறுக்கிய மூட்டைகளில் மறுசுழற்சிக்குத் தேறாதவை கடைசியில் எங்கே போகின்றன? அதே கிடங்குக்குத்தான். மணலில் கிடந்த குப்பை இடம் மாறியிருக்கிறது, அளவு குறைந்துவிடவில்லை. குப்பையைக் குறைப்பதென்றால் அது உருவாகும் இடத்தில் குறைக்க வேண்டும். அந்த இடம் நம் சமையலறை.

கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். சென்னையில் மட்டும் நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேர்கிறது. இந்திய நகரங்களின் குப்பையில் ஏறத்தாழ பாதி, பல ஊர்களில் பாதிக்கும் மேல், மக்கும் குப்பை. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட உணவு வீணாவது குறித்த அறிக்கை, 2022இல் உலகம் வீணாக்கிய உணவு 105 கோடி டன் என்றும், அதில் 60 சதவீதம் வீடுகளிலிருந்து வந்தது என்றும் சொல்கிறது. இந்திய வீடுகளில் ஒருவர் கணக்கில் ஆண்டுக்கு 55 கிலோ. நால்வர் கொண்ட 50 வீடுகள் உள்ள ஒரு சாதாரணத் தெருவுக்கு இதைப் பொருத்தினால் ஆண்டுக்கு 11 டன் வருகிறது. ஒரு சின்னத் தெருவிலிருந்து ஒரு லாரி நிறையத் தோலும் சோறும் கிடங்குக்குப் புறப்படுகின்றன. ஐம்பது வீடுகள் மனம் வைத்தால் அந்த லாரி புறப்படவே வேண்டாம். ஒரு தெருவின் தன்னார்வலர்களுக்கு இதைவிடப் பெரிய சாதனை வேறு எங்கும் கிடைக்கப் போவதில்லை.

கிடங்கில் அந்தப் பதினோரு டன் சும்மா கிடப்பதுமில்லை. காற்றுப் புகாத ஆழத்தில் அழுகும் உணவு மீத்தேனாக மாறுகிறது. நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது. எளிதில் தீப்பற்றவும் செய்யும். 2022 ஏப்ரலில் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒட்டிய பெருங்குடிக் கிடங்கு பற்றி எரிந்தது. 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரத்தின் புகை நகரத்தையே பல நாள் மூடியது. 2024 ஏப்ரலில் கோவை வெள்ளலூர். மேலே தண்ணீர் பீய்ச்சினாலும் உள்ளே கனன்றுகொண்டே இருப்பதால் இந்தத் தீயை அணைக்க நாள்கணக்கில் ஆகிறது. இலங்கையில் 2017 ஏப்ரல் 14 அன்று, புத்தாண்டு நாளில், கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையில் குப்பை மேடே சரிந்து வீடுகளின்மேல் விழுந்து 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இந்த இடங்களில் எங்கும் குப்பையை உண்டாக்கியவர்கள் கிடங்கின் ஓரத்தில் குடியிருக்கவில்லை. புகையைக் குடித்தவர்களும் மண்ணுக்குள் போனவர்களும் வேறு மனிதர்கள்.

சட்டம் இல்லாததால் இந்த நிலை வரவில்லை. 2016இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், வீடுகளே குப்பையை மக்குவது, மக்காதது, வீட்டு அபாயக் கழிவு என மூன்றாகப் பிரித்துத் தர வேண்டுமென்று அப்போதே தெளிவாகச் சொல்லிவிட்டன. நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் வளாகங்களைத் தனியாக வகைப்படுத்தி அவற்றுக்குக் கூடுதல் பொறுப்பும் வைத்தன. பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி என்று விளம்பரமும் வந்தாயிற்று. இத்தனைக்குப் பிறகும் பல தெருக்களில் வண்டிக்கு வந்து சேர்வது ஒரே பைதான். ஆணையும் விளம்பரமும் செய்ய முடியாத ஒரு காரியத்தைப் பக்கத்து வீட்டுக்காரரால் செய்ய முடியும். வாசலில் நின்று, "அக்கா, இந்தத் தயிர் டப்பாவை ஒருமுறை அலசிட்டு இந்தப் பையில போட்டுடுங்க" என்று சொல்வதும், மறுநாளும் வந்து சொல்வதும், பத்தாவது நாள் சலிக்காமல் நிற்பதும்தான் அந்தக் காரியம். பழக்கம் உத்தரவால் மாறாது. தினமும் பார்க்கும் முகம் கேட்டால் மாறும்.

கேரளத்தின் ஆலப்புழை இதைச் செய்து காட்டியிருக்கிறது. அந்த ஊரின் குப்பை பல காலம் பக்கத்து ஊராட்சியிலுள்ள சர்வோதயபுரத்தில் கொட்டப்பட்டது. 2012இல் அங்குள்ளவர்கள் வண்டிகளை மறித்தார்கள். நகரத்துக்குப் போக்கிடம் இல்லாமல் போயிற்று. இன்னொரு ஊரைத் தேடாமல், மக்கும் குப்பையை அந்தந்த வீட்டிலும் தெருவிலும் முடித்துக்கொள்வதென்று முடிவெடுத்தார்கள். குழாய் உரக்கலன்களும் சாண எரிவாயுக் கலன் போன்ற சிறு கலன்களும் மானியத்தில் வீடுகளுக்குப் போயின. இடமில்லாதவர்களுக்காகத் தெருவோரங்களில் காற்றோட்டமான உரத் தொட்டிகள் வந்தன. தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போனார்கள். 2017இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் குப்பையைக் கையாள்வதில் முன்மாதிரியாகக் குறிப்பிட்ட ஐந்து நகரங்களில், ஜப்பானின் ஒசாகாவோடும் மலேசியாவின் பினாங்கோடும், ஆலப்புழையும் ஒன்று. நம்மைப் போலவே மீன் முள்ளும் தேங்காய்ச் சிரட்டையும் பலாச் சக்கையும் வெளியே தள்ளும் ஊர் அது; மழையும் ஈரமும் அங்கே நம்மைவிட அதிகம். அங்கே முடிந்தது தஞ்சாவூரிலும் திருநெல்வேலியிலும் முடியாதென்பதற்குக் காரணம் எதுவும் தென்படவில்லை.

சென்னைக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. 1980களின் இறுதியில் இங்கே தெருவாசிகள் தாங்களே கூடி, மாதச் சந்தா போட்டு, மூன்று சக்கர வண்டியோடு ஒருவரை அமர்த்தி, வீடு வீடாகக் குப்பை எடுக்கும் இயக்கத்தைத் தொடங்கினார்கள். தெருமுனைத் தொட்டிகள் பொங்கி வழிந்த காலத்தில் அது பெரிய மாற்றம். குப்பை தங்கள் பொறுப்பு என்று நடுத்தர வர்க்கம் முதன்முறையாகக் கைதூக்கிய தருணம் அது. ஆனால் வீட்டைவிட்டுக் குப்பையை வெளியேற்றும் வழி சீரானதே தவிர, வெளியேறும் குப்பை அந்த அளவுக்குக் குறையவில்லை. தெரு சுத்தமாக இருந்தால் போதும் என்ற இடத்தில் மனம் நின்றுவிட்டால் கிடங்கு வளர்ந்துகொண்டேதான் இருக்கும். நம் வாசலிலிருந்து போய்விட்டால் அது குப்பையே இல்லை என்கிற நினைப்பை உடைக்காத எந்தத் தொண்டும் பாதித் தொண்டுதான்.

அந்த நினைப்புக்குப் பின்னால் இருப்பதைச் சுற்றி வளைக்காமல் சொல்லியாக வேண்டும். நாம் பிரிக்காமல் விடுவதை வேறொருவர் பிரிப்பார் என்று நமக்கு உள்ளூரத் தெரியும். அந்த வேறொருவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார், எந்தச் சாதியில் பிறந்தவர், அவருக்கு முன் அவருடைய அம்மா என்ன வேலை பார்த்தார் என்பதும் தெரியும். பேட்டரி வண்டிக்குப் பின்னால் நின்றபடி, ஒரு பையின் முடிச்சை அவிழ்த்து, சீழ் துடைத்த பஞ்சையும் ரத்தம் உறைந்த நாப்கினையும் விலக்கி, விற்கக்கூடிய பிளாஸ்டிக்கை எடுக்கிறார் ஒரு பெண். அவர் கையில் பிளேடு கிழித்தால் அதைப் போட்டவர் யாரென்று யாரும் தேடப் போவதில்லை. எல்லோருடைய குப்பையையும் சில சாதிகளின் கைகளே அள்ளி வந்த நெடிய வரலாற்றை, மேடைகளில் எதிர்த்துப் பேசிக்கொண்டே, தினமும் காலையில் ஒரு கறுப்புப் பைக்குள் புதுப்பித்துக்கொண்டிருக்கிறோம். குப்பையைப் பிரிப்பது சுற்றுச்சூழல் வேலை மட்டும் என்று எண்ணினால் அதன் பாதிப் பொருள் நமக்குப் புரியவில்லை. அது முதலில் மரியாதை பற்றிய வேலை.

புனேயில் குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்களே உறுப்பினர்களாகி நடத்தும் ஒரு கூட்டுறவு அமைப்பு, 2008 முதல் மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு வீடு வீடாகக் குப்பை எடுக்கிறது. வீடுகள் மாதக் கட்டணம் தருகின்றன. அவர்கள் மக்களிடம் வைத்த ஒரு கோரிக்கை மிக எளியது. நாப்கினையும் டயப்பரையும் செய்தித்தாளில் சுற்றி, மேலே ஒரு சிவப்புப் பொட்டு வையுங்கள் என்றார்கள். பொட்டைக் கண்டால் பிரித்துப் பார்க்க வேண்டாம், தனியே வைத்துவிடலாம். பேனாவும் பழைய தாளும் தவிர அதற்கு ஒரு காசு செலவில்லை. நம் ஊர் குடியிருப்போர் சங்கங்கள் ஒரே ஒரு மாதத்தை இந்தப் பொட்டுக்காக ஒதுக்கினால், எத்தனை கைகள் எத்தனை கிருமிகளிடமிருந்து தப்பும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

சொத்து வரி கட்டுகிறோமே, பிறகு இதையும் நாங்களே ஏன் செய்ய வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. வரிப் பணம் குப்பையை எடுத்துச் செல்லும். சாம்பாரில் ஊறிய அட்டைப்பெட்டியை எந்தப் பணத்தாலும் பழையபடி ஆக்க முடியாது. தவிர, பிரித்துத் தருவது தொண்டே அல்ல, விதிப்படி ஒவ்வொரு வீட்டின் கடமை. அந்தக் கடமையை அடுத்த வீடுகளுக்கும் பழக்கித் தருவதுதான் தொண்டு. அடுக்ககத்தில் இடம் ஏது, நாற்றமும் புழுவும் வருமே என்பது அடுத்த கவலை. ஈரம் மிகுந்து காற்றுக் குறைந்தால்தான் உரத் தொட்டி நாறும். சமையல் கழிவின்மேல் காய்ந்த சருகையோ தேங்காய் நார்த்தூளையோ மூடாக்காகப் போட்டு, அவ்வப்போது கிளறிவிட்டால் ஒன்றரை, இரண்டு மாதத்தில் மண் வாசனையுள்ள உரம் கிடைக்கும். மொட்டை மாடியின் ஒரு மூலை இதற்குப் போதும். தெருவில் கூட்டிக் குவித்துக் கொளுத்துகிறோமே, அந்தச் சருகுதான் இதற்கு வேண்டிய மூலப்பொருள். எரித்து மின்சாரம் எடுக்கலாமே என்று வாதிடுவோரும் இருக்கிறார்கள். ஈரக் குப்பை சரியாக எரியாது என்பதால் அதற்கும் முதலில் பிரித்தாக வேண்டும்.

எல்லாவற்றிலும் வலுவான ஆட்சேபம் வேறொன்று. நாங்கள் பிரித்துக் கொடுக்கிறோம், வண்டியில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டுகிறார்கள், பிறகு எதற்கு இந்தப் பாடு என்கிறார்கள். இந்தக் கோபம் நியாயமானது. பல தெருக்களில் நல்ல தொடக்கங்கள் மூன்றே மாதத்தில் படுத்துவிட இதுவே காரணம். ஆனால் பத்து வீடு பிரித்து நாற்பது வீடு பிரிக்காமல் தந்தால், வண்டியில் நிற்பவர் தனித்தனியாக வைப்பதற்கு அர்த்தமே இல்லாமல் போகிறது. தெருவே சேர்ந்து செய்தால்தான் தனி வண்டி வேண்டும், தனிப் பெட்டி வேண்டும் என்று உரிமையோடு கேட்க முடியும். அதைவிட உறுதியான வழி, மக்கும் குப்பையைத் தெருவைவிட்டு வெளியே அனுப்பாமலே இருப்பது. தோலும் சோறும் தெருவின் உரத் தொட்டியிலேயே தங்கிவிட்டால், அவற்றை வண்டியில் கலப்பதற்கு வழியே இல்லை. உலர்ந்த குப்பை வாரத்துக்கு ஒருமுறை போனாலும் நாறாது, அழுகாது. அதைப் பிரித்து விற்பவருக்குக் கையும் மாசுபடாது, கூடுதல் காசும் கிடைக்கும்.

இந்த வேலை முழுக்கப் பெண்களின் தலையில் விழும் ஆபத்தையும் மறைக்க வேண்டியதில்லை. சமையலறைக் குப்பை என்றதும் அது வீட்டம்மாவின் பொறுப்பு என்று ஆண்கள் ஒதுங்குவார்கள். ஆகவே வாசலுக்கு வரும் தன்னார்வலர் வீட்டு ஆணையும் கூப்பிட்டே பேச வேண்டும். உரத் தொட்டியைக் கிளறுவதும், டப்பாவைக் கழுவி வைப்பதும், சிவப்புப் பொட்டு வைப்பதும் அவருடைய வேலையும்தான். ஒரு சாதியின் கையிலிருந்து எடுத்து ஒரு பாலினத்தின் கையில் கொடுப்பதற்குத் தொண்டு என்று பெயர் வைக்க முடியாது.

குடியிருப்போர் சங்கங்களும், கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களும், கோயில், மசூதி, தேவாலயங்களைச் சுற்றி இயங்கும் இளைஞர் குழுக்களும் தங்கள் தொண்டின் அளவுகோலை மாற்றிக்கொள்ள வேண்டும். எத்தனை மூட்டை பொறுக்கினோம், எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கை வைத்து நிறைவு கொள்வதை நிறுத்திவிட்டு, தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளரிடம் மாதம் ஒருமுறை கேளுங்கள்: அக்கா, எத்தனை வீட்டுப் பையை நீங்கள் இன்னும் கையால் பிரிக்க வேண்டியிருக்கிறது? அவர் சொல்லும் எண் குறைந்தால் நம் தொண்டு பலித்திருக்கிறது. குறையாவிட்டால், கடற்கரை எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும், நம் வேலையை இன்னும் அவர்தான் செய்துகொண்டிருக்கிறார்.