நாட்டுக்கோழியும் அதன் முட்டையும்

சென்னைக்கு வடக்கே, ஒருபுறம் வங்கக் கடலும் மறுபுறம் கழிநீரும் சூழ்ந்த மணற்பாங்கான ஊர் காட்டுப்பள்ளி. பெருங்கப்பல்கள் அணையும் துறைமுகம் இன்று அங்கே உளது. எனினும் அத்தகைய கடற்கரையூர்களில் வாழும் எளிய குடும்பத்திற்கு, புறக்கடையில் மேயும் நாட்டுக்கோழியே கைம்முதலாம். அது சொற்ப முட்டையே இடுகின்றதென்று குறை கூறுவாருளர். அக்குறையின் காரணத்தைச் சிறிது ஆராய்வோம்.

ஒரு முட்டை கோழியின் வயிற்றில் உருவாவதற்கு ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகின்றது. அதில் 20 மணி நேரம் ஓடு அமைவதற்கே செல்லும். ஆதலின் ஒவ்வொரு நாளும் முட்டையிடும் வேளை சற்றே பிந்திக்கொண்டு போய், பிற்பகலை எட்டியதும் ஒரு நாள் இடாது நின்றுவிடும். மறுநாட் காலையில் மீண்டும் தொடங்கும். இஃது எல்லாக் கோழிகட்கும் பொதுவான இயல்பு.

நாட்டுக்கோழிக்கு உரிய சிறப்பு யாதெனில், பத்துப் பன்னிரண்டு முட்டையிட்டபின் அடைக்கு அமர்வதாம். அப்பொழுது அதன் மூளையின் அடியிலுள்ள சுரப்பியினின்று புரோலாக்டின் என்னும் நீர் மிகுதியாகச் சுரக்க, முட்டையிடுதல் ஓய்கின்றது. கோழி சிறகைச் சிலிர்த்து, அணுகுவாரைக் கொத்தி, நாளுக்கு ஒருமுறையே இரைக்கு எழுந்து, முட்டைகளை அலகால் புரட்டிப் புரட்டி 21 நாள் காக்கின்றது. பின்பு குஞ்சுகளைச் சில வாரங்கள் உடனிருந்து வளர்க்கின்றது. இவ்வாறு ஆண்டிற்கு மூன்று நான்கு ஈடுகளே கிடைத்தலால், மொத்த முட்டை குறைவாகவே நிற்கின்றது.

வெள்ளை லெகார்ன் கோழியோ ஆண்டிற்கு முந்நூறு முட்டை வரை இடும். ஆயின், முட்டையையே நாடித் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்த்தமையால், அது அடைகாக்கும் குணத்தை இழந்துவிட்டது. அதற்குக் குஞ்சு பொரிக்கும் இயந்திரமும், விலைத் தீவனமும், நல்ல கூண்டும் வேண்டும். நாட்டுக்கோழி இவை யாதுமின்றித் தன் இனத்தைத் தானே பெருக்கும்.

முட்டையே வேண்டுவோர் நாடோறும் அதனை எடுத்துவிடின், கோழி அடைக்கு அமர்தல் பிந்தும். குஞ்சு வேண்டுவோர், சேவலோடு கூடி வளர்ந்த கோழியிட்ட, ஒரு வாரத்திற்கு மேற்படாத முட்டைகளைப் பத்துக்கு மேற்சில வைத்தல் நலம். ஓடு உறுதிப்பட, பொடித்த கிளிஞ்சலைக் கூட்டிக் கொடுக்கலாம். குஞ்சுகளை வாரிக்கொண்டு போகும் வெள்ளைக்கழிச்சலுக்கு உரிய காலத்தில் தடுப்பு மருந்து இடுவித்தல் இன்றியமையாதது. அடைகாத்த உழைப்பனைத்தும் ஒரே நோயில் வீணாதல் கூடுமன்றோ?

ஆகவே, நாட்டுக்கோழி இடாத முட்டைகளை எண்ணிக் குறை கூறாது, அது வளர்த்துத் தரும் குஞ்சுகளையும் கணக்கிற் சேர்த்து மதிப்பிடுவதே நேர்மையாகும்.