எது எதற்குச் சமம்?

ஐந்தும் ஐந்தும் சமமா என்று கணினியைக் கேட்டால் சிக்கல் இல்லை. தேதி, சரக்கு, தொகை என்று பல உறுப்புகள் சேர்ந்த இரண்டு பில்களை ஒப்பிடச் சொன்னால்தான் வம்பு. கணினித் துறையிலுள்ள நம் பிள்ளைகள் தினமும் சந்திப்பது இதைத்தான்.

இதில் இரண்டு கேள்விகள் உண்டு. இரண்டும் ஒன்றேதானா? அல்லது உள்ளடக்கம் மட்டும் ஒன்றா? என் கல்லாவிலுள்ள இரண்டு நூறு ரூபாய்த் தாள்கள் மதிப்பில் சமம். வரிசை எண் வேறு.

1995-இல் அறிமுகமான ஜாவாவில், ஆப்ஜெக்ட்களுக்கு நடுவே இரட்டைச் சமக்குறி (==) போட்டால் முதல் கேள்விக்கே பதில் வரும். உள்ளடக்கம் பார்க்க 'ஈக்வல்ஸ்' வேண்டும். நம் சொந்த வகைக்கு அதை நாமே எழுதணும். 2021-இல் ஜாவா 16-இல் நிலைபெற்ற 'ரெக்கார்ட்' இந்தச் சுமையைக் குறைத்தது. பைத்தானில் பட்டியல்களை இரட்டைச் சமக்குறி உறுப்பு உறுப்பாக ஒப்பிடும். முதல் கேள்விக்கு 'இஸ்' தனியாக உண்டு. கோ மொழியில் இரண்டு ஸ்லைஸ்களை ஒப்பிட்டால் கம்பைலரே மறுத்துவிடும்.

இரண்டு கேள்விக்கு இரண்டு குறி என்ற பைத்தான் வழியே எனக்குத் தெளிவாகப் படுகிறது. அதிலும் ஒரு நிபந்தனை உண்டு. உள்ளடக்கத்தைச் சாவியாக வைத்து ஒன்றைச் சேமித்தபின், அந்த உள்ளடக்கம் மாறினால் தேடினாலும் கிடைக்காது. அதனால்தான் பைத்தான், மாறக்கூடிய பட்டியலை அகராதிச் சாவியாக ஏற்பதில்லை.

ஒரே நாளில் ஒரே சரக்கை ஒரே விலைக்கு இரண்டு பேர் வாங்கலாம். இரண்டும் சமம் என்று நிரல் ஒரு பில்லை நீக்கினால் ஒரு விற்பனையே கணக்கில் இல்லாமல் போகும். இருமுறை பதிவான ஒரே பில்லை வேறு வேறு என்று விட்டாலோ, விற்காததற்கும் வரி கட்டணும். பில் எண்ணையும் ஒப்பிடணுமா என்பதை எந்த மொழியும் தானாகச் சொல்லாது. நிரல் எழுதும் பிள்ளை, கணக்கு எழுதுபவரைக் கேட்டுத்தான் முடிவு செய்யணும்.