பொன் முலாமும் லேசர் ஒளியும்

பொன் துருப்பிடிப்பதில்லை. அவ்வாறாயின், பொன் முலாம் பூசிய பொருள்கள் கறுத்துப்போவது ஏன்? தேய்த்துத் துலக்கினால் கறையோடு பொன்னும் போய்விடுமே. பின் அதனை நீக்குவது எங்ஙனம்? இத்தாலி நாட்டுப் பிளாரன்ஸ் நகரின் வெண்கலக் கதவுகள் இவ்வினாக்களுக்கு விடை தருகின்றன.

லோரன்சோ கிபெர்த்தி என்னும் சிற்பி 1425 முதல் 1452 வரை உழைத்து, அந்நகரத் திருமுழுக்குக் கோயிலுக்கு இக்கதவுகளை உருவாக்கினார். பாதரசத்தில் கரைத்த பொன்னைப் பூசிச் சூடேற்றுவர். பாதரசம் ஆவியாகிவிட, பொன் மட்டும் மெல்லிய படலமாக வெண்கலத்தின்மீது தங்கும். அப்படலத்தில் நுண்துளைகள் உண்டு. அவற்றின் வழியே புகுந்த ஈரம் வெண்கலத்திலுள்ள செம்பை அரித்தது. அதனால் விளைந்த உப்புகள் பொன்னை அடியிலிருந்து மேலே தள்ளின; நகரத்துப் புகையும் தூசியும் மேலே படிந்தன. 1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ ஆறு பெருக்கெடுத்தபோது, பத்துச் சிற்பப் பலகைகளுள் ஐந்து பெயர்ந்து வீழ்ந்தன.

மீட்புப் பணியில் முதற்கண் கைகொடுத்தது வேதியியல். பலகைகளைக் கழற்றி, ரோஷல் உப்புக் கரைசலில் அமிழ்த்தித் தூய நீரால் கழுவினர். ஆனால் சட்டத்தில் இறுகப் பொருந்திய சிற்பங்களைக் கழற்றச் சூடும் விசையும் வேண்டும். அவை பொன்னைச் சிதைக்கக்கூடும். கழற்றாமலே கரைசலைப் பூசினாலோ, இடுக்குகளில் தங்கும் எச்சம் மீண்டும் அரிப்பை விளைவிக்கும்.

இவ்விடத்தேதான் லேசர் துணைக்கு வந்தது. 1064 நானோமீட்டர் அலைநீளமுடைய அகச்சிவப்புக் கதிரைப் பொன் ஏறத்தாழ முழுவதும் திருப்பி அனுப்பிவிடும். கறையோ அதனை உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சிய கறை சட்டெனச் சூடேறி, ஆவியாகியும் துகளாகியும் தெறித்து விலகும். ஒவ்வோர் ஒளித்துடிப்பும் நானோநொடிக் கணக்கிலேயே நீடிக்கும். ஒரு நானோநொடியாவது, ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. வெப்பம் ஆழப் பரவுமுன் துடிப்பு முடிந்துவிடுகிறது. எனினும் ஆற்றல் மிகுந்தால் பொன்னும் உருகும். ஆகவே அளவறிந்து ஆள்வதே இத்தொழிலின் உயிர்நிலை.

லேசர் படிந்த கறையை நீக்குமேயன்றி, இனி வரும் ஈரத்தைத் தடுக்காது. ஆதலின் 2012இல் பணி நிறைவுற்றபின், கதவுகள் ஈரம் அண்டாத கண்ணாடிப் பேழையில் அருங்காட்சியகத்தில் வைக்கப்பெற்றன. கோயில் வாயிலில் நிற்பது அவற்றைப் போன்று செய்த மாற்றுக் கதவே. கிபெர்த்தி பூசிய பொன்னை இழந்தால், அதனை மீண்டும் பூச அவர் வரப்போவதில்லை. பழம்பொருளைப் பேணுவோர் விரைவினும் பொறுமையைப் பெரிதாகப் போற்றுவது இதனாலேயே.