சுவாலையிலிருந்து நீருக்கு: வாயு அடுப்பின் வினைத்திறனை அளத்தல்

எரிபொருளை அளந்து செலவிடும் பழக்கம் யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களுக்குப் புதியதன்று. 1990ஆம் ஆண்டின் பின்னர் விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையின் காலத்தில், ஜாம் போத்தல் விளக்கிற் சிறிதளவு மண்ணெண்ணெயை ஊற்றிப் படித்த தலைமுறை இன்றும் எம்மிடையே வாழ்கின்றது. 2022இல் அதே கணக்குச் சமையல் வாயுவிற்கு வந்து சேர்ந்தது. 2021 ஒக்டோபர் தொடக்கத்திற் கொழும்பு விலைப்படி 1,493 ரூபாவாயிருந்த 12.5 கிலோகிறாம் சிலிண்டர், 2022 ஏப்பிரிலில் 4,860 ரூபாவாயிற்று; அந்த விலைக்கும் வரிசையில் நின்றே பெறவேண்டியிருந்தது. எந்தப் பாத்திரம் வாயுவை மிச்சம்பிடிக்கும், கேத்திலின் அடியிற் படிந்த சுண்ணம் எவ்வளவு வாயுவைத் தின்னும், பெருஞ்சுவாலை இலாபமா சிறுசுவாலை இலாபமா என்னும் வினாக்கள் குசினிதோறும் எழுந்தன. விடைகளும் குறைவின்றிக் கிடைத்தன. ஆனால் அளந்து பெறப்பட்ட விடைகள் அரிதாகவே இருந்தன. இவ்வினாக்களுக்கு ஒரு தராசும் ஒரு வெப்பமானியும் கொண்டு எவ்வாறு விடை காணலாம் என்பதை இங்கு விளக்க முயல்கின்றோம்.

வினைத்திறன் என்பது ஒரு விகிதமே. நீர் பெற்ற வெப்பத்தை, எரிந்த வாயு வெளியிட்ட வெப்பத்தால் வகுத்தால் அது கிடைக்கும். இவ்வரைவிலக்கணம் எளியது போலத் தோன்றினும், மேலே உள்ள எண்ணிலும் கீழே உள்ள எண்ணிலும் வெவ்வேறு தெரிவுகள் மறைந்துள்ளன. முதலிற் கீழே உள்ளதை நோக்குவோம்.

எமது அடுப்புகளில் எரிவது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவமாக்கிய பெற்றோலிய வாயுவாகும். 44 கிறாம் புரொப்பேன் முற்றாக எரியும்போது காபனீரொட்சைட்டுடன் 72 கிறாம் நீரும் தோன்றுகின்றது. அதாவது, எரிந்த வாயுவிலும் நிறை கூடிய நீர் உண்டாகின்றது. குளிர்ந்த நீர் நிரம்பிய சருவச்சட்டியை அடுப்பில் வைத்த முதல் நிமிடத்தில் அதன் அடி வியர்ப்பதைக் கண்டு, சட்டி ஒழுகுகின்றதோ என ஐயுறுவோர் உளர். அது சட்டியின் நீரன்று, சுவாலையின் நீர். சட்டி சூடேறியதும் அந்நீராவி ஒடுங்காது, தன் மறைவெப்பத்தையும் சுமந்துகொண்டு யன்னல் வழியே வெளியேறிவிடும். அவ்வெப்பத்தையும் சேர்த்துக் கணக்கிடின் ஒரு கிலோகிறாம் வாயு ஏறத்தாழ 50 மெகாயூல் தருவதாகக் கொள்ளவேண்டும். சேர்க்காது விடின் 46 மெகாயூல். முன்னையதை மொத்தப் பெறுமானம் என்றும் பின்னையதைத் தேறிய பெறுமானம் என்றும் வழங்குவர். திறந்த அடுப்பில் மறைவெப்பத்தை மீட்க வழியில்லையாதலால் தேறிய பெறுமானத்தையே நாம் கையாளுவோம். எதைக் கையாண்டோம் எனக் குறித்துவைப்பதே முக்கியம். நிறைப்படி நோக்கின் புரொப்பேனுக்கும் பியூட்டேனுக்கும் இடையிலுள்ள வேற்றுமை மிகச் சிறிது. எனவே நிறையை அளப்பவர் கலவையின் விகிதத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

நிறையை அளப்பதில் ஒரு தடை உண்டு. இரண்டு லீற்றர் நீரைச் சூடாக்க இருபத்தைந்து கிறாம் அளவான வாயுவே போதும். 12.5 கிலோகிறாம் வாயுவும் அதைச் சூழ்ந்த இரும்பும் சேர்ந்த பெரிய சிலிண்டரைக் கடைத்தராசில் ஏற்றி இருபத்தைந்து கிறாம் வேறுபாட்டைக் காண முயல்வது, மாட்டு வண்டியை நிறுத்து அதிலிருந்து விழுந்த வெற்றிலைக் கட்டின் நிறையை அறிய முயல்வதற்கு ஒப்பாகும். இதற்கு 2.3 கிலோகிறாம் சிறிய சிலிண்டரே தக்கது. ஒரு கிறாம் வரை காட்டும் பத்துக் கிலோகிறாம் இலத்திரனியற் தராசு அதைத் தாங்கும். சிலிண்டரை நிமிர்த்தியே வைக்கவேண்டும். ஒவ்வொரு நிறுவைக்கும் முன்னர் வால்வை மூடிச் சீராக்கியைக் கழற்றிவிடவேண்டும். குழாயின் இழுவை தராசிற் படலாகாது.

இனிப் பரிசோதனை. இரண்டு கிலோகிறாம் கிணற்று நீரைச் சருவச்சட்டியில் நிறுத்து எடுத்து, வெப்பநிலையைக் குறித்து, மூடியிட்டு அடுப்பில் வைக்கவேண்டும். மூடியின் துவாரத்தினூடாக வெப்பமானி நீரின் நடுவே நிற்கட்டும். அது அடியைத் தொட்டால் காட்டுவது சட்டியின் வெப்பநிலையாகும். இடையிடையே நீரை மெல்லக் கலக்கவேண்டும். 90 பாகை செல்சியசை அடைந்ததும் அடுப்பை அணைத்து, நீரையும் சிலிண்டரையும் மீண்டும் நிறுக்கவேண்டும். நூறு பாகைக்குச் செல்லாது 90இல் நிறுத்துவதற்குக் காரணம் உண்டு. கொதிநிலையை அணுக அணுக ஆவியாதல் பெருகும். கொதிக்கத் தொடங்கிய கணத்தை ஒருவர் குறிப்பது போல மற்றவர் குறியார்.

ஒரு கற்பனை உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். நீர் 28 பாகையிலிருந்து 90 பாகைக்கு உயர்ந்தது. எரிந்த வாயு 24 கிறாம். ஆவியான நீர் 6 கிறாம். அலுமினியச் சட்டியின் நிறை 400 கிறாம் எனக் கொள்க. நீர் பெற்ற வெப்பம் ஏறத்தாழ 520 கிலோயூல், சட்டி பெற்றது 22, ஆவி கொண்டுசென்றது 14. வாயு தந்தது 1,104 கிலோயூல். நீரை மாத்திரம் கணக்கிட்டால் வினைத்திறன் 47 சதவீதம். சட்டியையும் ஆவியையும் சேர்த்தால் 50. நீரை மாத்திரம் கொண்டு வாயுவின் மொத்தப் பெறுமானத்தால் வகுத்தால் 43. ஒரே அடுப்பு, ஒரே சட்டி, ஒரே பரிசோதனை, எண்கள் மூன்று. இந்தியாவின் ஐ.எஸ். 4246 தரநியமம் வீட்டு வாயு அடுப்புக்குக் குறைந்தது 68 சதவீதத்தை வேண்டுகின்றது, ஐரோப்பாவின் ஈ.என். 30 தரநியமம் 52 சதவீதத்தோடு அமைகின்றது. இதைக் கொண்டு இந்திய அடுப்பு மேலானது என முடிவு கட்டுதல் தகாது. பாத்திரத்தின் அளவும் கணக்கின் அடிப்படையும் ஒன்றாயிருந்தாலன்றி இரு எண்களை ஒப்பிடுதல் வீண்வேலை. விளம்பரங்களில் வரும் சதவீதங்களையும் நாம் இக்கண் கொண்டே நோக்கவேண்டும்.

தராசின் ஒரு கிறாம் வழு 24 கிறாமில் நான்கு சதவீதமாகும். இரு நிறுவைகளிலும் அவ்வழு எதிரெதிராக நேரின் எட்டுச் சதவீதம். ஆகவே தசமதானத்தின் பின் எண் எழுதுவதிற் பொருளில்லை. சட்டியைக் குளிரவைத்து, ஒவ்வொரு முறையும் புதிய நீருடன் நான்கு தடவை செய்து, வாயுவின் மொத்தச் செலவை ஒரேயடியாகக் கணித்தால் இவ்வழு நாலில் ஒன்றாகச் சுருங்கும்.

மீதி அரைவாசி வெப்பம் எங்கே போயிற்று? இவ்வினாவே எமது பொருளின் மையம். குடாநாட்டின் நிலத்தடி நீர் மயோசீன் காலச் சுண்ணக்கற்பாறையில் தங்குவது. அதிற் கரைந்துள்ள கல்சியம் இருகாபனேற்றுச் சூடேறும்போது பிரிந்து, கல்சியம் காபனேற்றாகக் கேத்திலின் அடியிற் படிகின்றது. வெப்பத்தை அரிதிற் கடத்தும் இப்படிவே வாயுவை விரயமாக்குகின்றது என்பது பரவலான நம்பிக்கை. கணக்கு வேறு விதமாகக் கூறுகின்றது.

இருபது சென்ரிமீற்றர் விட்டமுள்ள அடியினூடாகச் செக்கனுக்கு 1.2 கிலோயூல் வெப்பம் நீருக்குச் செல்கின்றது எனக் கொள்வோம். ஒன்றரை மில்லிமீற்றர் தடித்த அலுமினியத்தினூடாக இவ்வெப்பத்தைச் செலுத்த ஒரு பாகையின் மூன்றிலொரு பங்களவான வெப்பநிலை வேறுபாடு போதும். ஒரு மில்லிமீற்றர் துருவேறா உருக்கிற்கு ஏறத்தாழ மூன்று பாகை வேண்டும். ஒரு மில்லிமீற்றர் சுண்ணப் படிவிற்கு இருபது பாகை அளவில் வேண்டும். இருபது பாகை பெரிதாகத் தோன்றலாம். ஆனால் எரியும் வாயுவின் வெப்பநிலை 1,900 பாகையை அண்மியது. வெளிவளி கலந்து தணிந்து பாத்திரத்தைத் தொடும்போதும் நீரிலும் ஆயிரம் பாகையளவு கூடியது. அவ்வேறுபாட்டின் மிகப் பெரும் பகுதி, சட்டியின் வெளிப்புறத்தை ஒட்டிய மெல்லிய வாயுப் படலத்தைக் கடப்பதற்கே செலவாகிவிடுகின்றது. அதன் பின்னர் சுண்ணத்திற்கென இருபது பாகை கழிந்தால், நீருக்குச் செல்லும் வெப்பம் இரண்டு சதவீதமளவே குறையும். அது எமது தராசின் வழுவிற்குள் மறைந்துபோகும் அளவு. தேசிக்காய்ச் சாறிட்டுக் கேத்திலைத் துப்புரவாக்குதல் தேநீரின் தெளிவிற்கு நன்று. சிலிண்டரின் ஆயுளுக்கு அதனால் வரும் நன்மை சொற்பம்.

இதை ஐயுறுவோர் தடித்த தாளினாற் கிண்ணம் செய்து, நீர் நிரப்பி, சுவாலை நீர்மட்டத்திற்கு மேல் எழாதவாறு சூடாக்கிப் பார்க்கலாம். நீர் கொதிக்கும், தாள் எரியாது. தாள் வெப்பத்தை நன்கு கடத்துவதன்று. எனினும் வாயுப் படலத்தின் தடையோடு ஒப்பிடுகையில் அதன் தடை சிறிதாதலால், தாளின் வெப்பநிலை நீரின் வெப்பநிலையை ஒட்டியே நிற்கின்றது. மண்சட்டி மாத்திரம் விதிவிலக்கு. எட்டு மில்லிமீற்றர் தடித்த சுட்ட களிமண், இதே வெப்பவோட்டத்திற்கு முந்நூறு பாகை அளவில் வேண்டி நிற்கும். தானும் நிறைய வெப்பத்தை உறிஞ்சும். மீன்குழம்பின் சுவைக்கு எமது சமன்பாட்டில் இடமில்லை என்பதையும் நேர்மையாகக் கூறிவிடுவோம்.

எனவே உலோகத்தைப் பற்றிய விவாதத்தை விட்டு, வாயுப் பக்கத்தை நோக்கவேண்டும். சூடான வாயு பாத்திரத்தின் அடியைத் தழுவிச் செல்லும் தூரமும் நேரமும் கூடினால் நீருக்குச் செல்லும் பங்கும் கூடும். அகன்ற அடியுள்ள சட்டி, ஒடுங்கிய கேத்திலை வெல்வது இதனாலேயே. சுவாலையின் நுனி அடியின் விளிம்பைத் தாண்டிப் பக்கங்களில் ஏறுமாயின், அவ்வெப்பத்திற் பெரும்பகுதி குசினியையே சூடாக்கும். சுவாலையைக் குறைத்தால் வினைத்திறன் ஏறும். மிகவுங் குறைத்தால் நேரம் நீண்டு, சட்டியின் பக்கங்களிலிருந்து வெளியேறும் வெப்பம் மேலோங்கி, அது மீண்டும் இறங்கும். இடையிலுள்ள உச்சநிலை அடுப்புக்கு அடுப்பு வேறுபடுமாதலால், அதை அவரவர் அளந்தே அறியவேண்டும். மூடியின் பங்கோ எவ்வடுப்பிலும் ஐயத்திற்கு இடமற்றது. ஒரு கிறாம் நீர் ஆவியாகும்போது கொண்டுசெல்லும் வெப்பம் 540 கிறாம் நீரை ஒரு பாகை உயர்த்த வல்லது. மூடாத சட்டியிலிருந்து ஐம்பது கிறாம் ஆவியானால், எமது உதாரணத்தில் நீர் பெற்ற வெப்பத்தின் ஐந்திலொன்றுக்கு மேல் இழக்கப்பட்டதாகும்.

காற்றை மறைக்க அடுப்பைச் சுற்றித் தகரம் அடைப்போர் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். ஒரு கனவளவு புரொப்பேன் எரிய ஏறத்தாழ 24 கனவளவு வளி தேவை, பியூட்டேனுக்கு 31. வளி போதாவிடின் சுவாலை மஞ்சளாகிக் கரி படியும். நஞ்சான காபனோரொட்சைட்டும் தோன்றும். வினைத்திறனில் இரண்டு சதவீதத்திற்காக யன்னலைச் சாத்துதல் கூடாது.

தராசு இல்லாதவர் நேரத்தைக் கொண்டு ஒப்பிடலாம். குமிழை ஒரே நிலையில் வைத்து, இரு பாத்திரங்களில் ஒரே அளவு நீர் 90 பாகையை அடைய எடுக்கும் நேரங்களைப் பார்த்தால் எது சிறந்தது என்பது விளங்கும். சதவீதம் மாத்திரம் கிடையாது. ஆனால் இங்கு கலவையின் விகிதம் குறுக்கிடுகின்றது. 2021ஆம் ஆண்டின் இறுதியில் நாடெங்கும் சிலிண்டர்களோடும் அடுப்புகளோடும் தொடர்புற்ற வெடிப்புகளும் தீவிபத்துகளும் நிகழ்ந்தபோது, புரொப்பேன்–பியூட்டேன் விகிதம் பொதுமக்களின் பேச்சாயிற்று. 30 பாகையிற் புரொப்பேனின் ஆவியமுக்கம் 11 பார் அளவினது. பியூட்டேனுடையது மூன்று பாரை எட்டாது. ஆதலால் சிலிண்டரிலிருந்து முதலிற் கூடுதலாக வெளிவருவது புரொப்பேன். முடியுந்தறுவாயில் எஞ்சுவது பெரும்பாலும் பியூட்டேன். ஒரே துவாரத்தினூடாக ஒரே அமுக்கத்தில் வரும் பியூட்டேன், புரொப்பேனிலும் பத்திலொரு பங்களவு கூடிய வெப்பத்தைத் தரும். மாதத் தொடக்கத்தில் ஒரு சட்டியையும் மாத முடிவில் மற்றொன்றையும் சோதித்தவர், சட்டியை அன்றிச் சிலிண்டரையே அளந்தவராவார். இரண்டையும் ஒரே நாளில், மாறி மாறிச் சோதித்தல் வேண்டும்.

இவ்வளவுகளின் பொருள் யாது? 12.5 கிலோகிறாம் வாயு 575 மெகாயூல் தருகின்றது. ஒரு லீற்றர் கிணற்று நீரைக் கொதிநிலைக்குக் கொணர 302 கிலோயூல் வேண்டும். வினைத்திறன் 40 சதவீதமாயின் ஒரு சிலிண்டர் ஏறத்தாழ 760 லீற்றரைக் கொதிக்கவைக்கும். 60 சதவீதமாயின் 1,140 லீற்றரை. 2022 ஏப்பிரில் விலைப்படி, முன்னையதில் லீற்றருக்கு ஆறு ரூபா நாற்பது சதம். பின்னையதில் நான்கு ரூபா முப்பது சதத்திற்குச் சற்றுக் குறைவு.

வாயு கிடைக்காத நாட்களிற் பனைமட்டைக்கும் ஊமலுக்கும் பொச்சுமட்டைக்கும் திரும்பியோருக்கும் இம்முறை பயன்படும். அங்கு எரிபொருளை நிறுப்பது எளிது; வெப்பப் பெறுமானத்தை நிச்சயிப்பதே கடினம். நன்குலர்ந்த விறகு கிலோகிறாமுக்கு 18 மெகாயூல் அளவிற் தரும்; ஈரம் ஏற ஏற அது இறங்கும். ஆகவே விறகை வெயிலில் உலர்த்தி, நிறை மாறாத நிலை வந்தபின்னரே பரிசோதனையைத் தொடங்கவேண்டும். முடிவில் அடுப்பில் எஞ்சிய கரியை அணைத்து நிறுக்கவேண்டும். கரி கிலோகிறாமுக்கு 30 மெகாயூல் அளவான வெப்பத்தை உள்ளடக்கியதாதலால், அதை எரிந்த விறகாகக் கருதாது தனியே கழித்தல் வேண்டும்.