மெராப்பி மலைக்குக் காவல் இருப்பது எப்படி?

இந்தோனேசியாவின் ஜாவா தீவில், யோக்யகர்த்தா நகரத்துக்கு வடக்கே முப்பது கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் மெராப்பி எரிமலை இருக்கிறது. உயரம் சுமார் 2,900 மீட்டர். சில ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது சீறுவது அதன் வழக்கம். அப்படியிருந்தும் அதன் சரிவுகளிலும் அடிவாரத்திலும் லட்சக்கணக்கானோர் வாழ்கிறார்கள். இவ்வளவு ஆபத்தான இடத்தில் ஏன் குடியிருக்க வேண்டும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்டுவிடுவார்கள். எரிமலைச் சாம்பல் நாளடைவில் நல்ல விளைமண்ணாகிறது. மழைக்கும் குறைவில்லை. காய்கறி, சலாக் பழத்தோட்டம், கறவை மாடு என்று பிழைப்பு முழுவதும் அந்த மண்ணை நம்பித்தான். எரிமலைக் கண்காணிப்பைப் பற்றிப் பேசுகிற யாரும் முதலில் இந்த மாட்டையும் தோட்டத்தையும் பார்க்க வேண்டும் என்பேன். கருவி சொல்வது சரியாக இருந்தாலும், மாட்டை விட்டுவிட்டுப் போக முடியாதவருக்கு அது பயன்படாது.

மெராப்பியின் கற்குழம்பு கெட்டியானது. ஹவாய்த் தீவுகளில் நடப்பதுபோல நெருப்பாறாக ஓடிவிடாமல் மலைவாயிலேயே குவிந்து மேடாக வளரும். அந்த மேடு எடை தாங்காமல் சரிந்தாலோ, உள்ளே அடைபட்ட வாயு வெடித்தாலோ, பல நூறு டிகிரி சூட்டில் சாம்பலும் கல்லும் வாயுவும் ஒன்றாகப் பள்ளத்தாக்குகளில் பாயும். உள்ளூர் மக்கள் இதை அனல்மேகம் என்கிறார்கள். மணிக்கு நூறு கிலோமீட்டரையும் தாண்டக்கூடிய வேகம். கண்ணில் பட்ட பிறகு ஓடித் தப்புவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். 1994 நவம்பர் 22 அன்று துர்கோ என்ற ஊரில் கல்யாண வீடு ஒன்றும் அதில் சிக்கியது. அந்த வெடிப்பில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2006 ஜூனில், காளியாதெம் என்ற இடத்தில் பாதுகாப்புக்கென்றே கட்டிய நிலவறைக்குள் ஒதுங்கிய இருவர் அங்கேயே மாண்டார்கள். அதனால் இந்த மலையிடமிருந்து தப்ப ஒரே வழி, அது கிளம்புவதற்கு முன்பே விலகிப்போவதுதான்.

முன்பே எப்படித் தெரியும்? கற்குழம்பு ஆழத்திலிருந்து மேலேறும்போது வழியில் உள்ள பாறையை உடைக்கிறது, மலையின் உடம்பை உப்பச் செய்கிறது, வாயுவைக் கசியவிடுகிறது. யோக்யகர்த்தாவில் உள்ள எரிமலை ஆய்வு மையமும் மலையைச் சுற்றியுள்ள கண்காணிப்புச் சாவடிகளும் இரவு பகலாகக் கவனிப்பது இவற்றைத்தான்.

சரிவுகளில் பதித்த நிலநடுக்கமானிகள், மனிதக் காலுக்குத் தெரியாத அதிர்வுகளைக்கூடப் பதிவு செய்கின்றன. ஆழத்தில் பாறை உடைவது ஒரு மாதிரியாகப் பதிவாகும். மேலே புதிய மேடு வளரும்போது எழும் அதிர்வு வேறு மாதிரி. உச்சியிலிருந்து கல் உருளுவது இன்னொரு மாதிரி. பழகிய கண்ணுக்கு இந்தக் கோடுகளைப் பார்த்ததும் மலைக்குள் எந்த மட்டத்தில் என்ன நடக்கிறது என்று ஓரளவு பிடிபட்டுவிடும்.

மலை உப்புவதை அளக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. உச்சிக்கு அருகே ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடிப் பட்டகங்களைப் பொருத்தியிருக்கிறார்கள். கீழே சாவடியிலிருந்து அவற்றின்மீது ஒளிக்கற்றையைச் செலுத்தி, அது திரும்பி வருவதைக் கொண்டு தூரத்தைத் துல்லியமாகக் கணக்கிடுகிறார்கள். மலை வெளிப்பக்கமாகப் புடைத்தால் சாவடிக்கும் உச்சிக்கும் இடையேயான தூரம் குறையும். சாதாரண நாட்களில் இந்த மாற்றம் மிகச் சிறியது. 2010 அக்டோபர் கடைசியிலோ தூரம் நாளொன்றுக்கு அரை மீட்டர் அளவுக்குக் குறைந்தது. ஒரு மலையின் தோள் தினமும் ஒரு முழத்துக்கு மேல் முன்னால் வருகிறது என்றால் உள்ளே எவ்வளவு அழுத்தம் இருந்திருக்க வேண்டும்!

வாயுவைப் பொறுத்தவரை, கந்தக டை ஆக்சைடு சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்களை உறிஞ்சும் என்பதால் தொலைவில் நின்றபடியே அதன் அளவைக் கணிக்கலாம். மேகம் மூடிய நாட்களில் செயற்கைக்கோள் ரேடார் கைகொடுக்கிறது. மேகத்தையும் புகையையும் ஊடுருவி உச்சியில் வளரும் மேட்டை அது படம் பிடிக்கும்.

இத்தனை இருந்தும், இன்ன தேதியில் இத்தனை மணிக்கு என்று எந்தக் கருவியும் சொல்லாது. ஆபத்து கூடுகிறதா குறைகிறதா என்றே சொல்லும். அதை மக்களுக்குப் புரியும்படி இந்தோனேசியாவில் நான்கு படிகளாக அறிவிக்கிறார்கள். முதல் படி இயல்பு நிலை, நான்காவது படி உடனே வெளியேற வேண்டிய நிலை.

2010-ல் இந்த ஏற்பாடு கடும் சோதனைக்கு உள்ளானது. செப்டம்பர் 20 அன்று இரண்டாம் படி. அக்டோபர் 21 அன்று மூன்றாம் படி. அக்டோபர் 25 காலையில் நான்காம் படி அறிவித்து, உச்சியிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் வெளியேற வேண்டும் என்றார்கள். மறுநாள் மாலை மலை வெடித்தது. அறிவிப்புக்கும் வெடிப்புக்கும் இடையே ஒன்றரை நாள் அவகாசம் கிடைத்தது. எரிமலை அறிவியலில் இது பெரிய வெற்றி. ஆனாலும் அன்று முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அவர்களில் ஒருவர் மரிஜான். யோக்யகர்த்தா சுல்தானால் மலையின் காவலராக நியமிக்கப்பட்ட முதியவர். ஊரே தாத்தா என்று மரியாதையுடன் அழைத்தவர். 2006-ல் வெளியேறச் சொன்னபோது அவர் மறுத்தார், அவருடைய கினாஹ்ரெஜோ ஊருக்கு அப்போது ஒன்றும் ஆகவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்தும் அவர் இடம்பெயரவில்லை. அவர் இருக்கிறார் என்பதால் கூட இருந்தவர்களும் உண்டு. இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. 2006-ல் எச்சரிக்கையை ஒரு படி குறைத்த மறுநாள்தான் காளியாதெமில் அந்த இருவர் இறந்தார்கள். விட்டுப்போகச் சொன்ன ஊர் தப்பியது, ஆபத்து தணிந்ததாகச் சொன்ன மறுநாள் மரணம் வந்தது. அதைக் கண்ணால் பார்த்த மக்கள் அடுத்த முறை யாரை நம்புவார்கள்?

2010 அக்டோபரின் அந்த முதல் வெடிப்புக்குப் பிறகு மேடு முன்பைவிடப் பல மடங்கு வேகமாக வளர்வதை ரேடார் படங்கள் காட்டின. அரசின் எரிமலைத் துறைத் தலைவராக இருந்த சுரோனோ விலக்கு எல்லையை நவம்பர் 3 அன்று பதினைந்து கிலோமீட்டராகவும், நவம்பர் 5 நள்ளிரவை ஒட்டி இருபதாகவும் விரித்தார். அதே இரவில்தான் மிகப் பெரிய வெடிப்பு. அனல்மேகம் கெண்டோல் ஆற்றின் வழியே சுமார் பதினைந்து கிலோமீட்டர் பாய்ந்து, ஆற்றோர ஊர்களைப் பொசுக்கியது. மொத்தத்தில் 350-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் இடம்பெயர்ந்தார்கள். உரிய நேரத்தில் வெளியேற்றியதால் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் உயிர்கள் தப்பியிருக்கும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

முகாமுக்கு வந்துவிட்ட பலர் பகலில் திரும்பவும் மேலே ஏறிப்போனார்கள். புல் அறுக்கவும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டவும்தான். ஒரு குடும்பத்தின் மொத்தச் சேமிப்பும் தொழுவத்தில் நிற்கும்போது வேறென்ன செய்வார்கள்? பிறகு மாடுகளுக்கு இழப்பீடு தருவதாக அரசு முன்வந்தது. இந்த ஒரு முடிவை ஒரு வாரம் முன்னதாக எடுத்திருக்கலாம் என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

வெடிப்பு ஓய்ந்த பின்னும் மலை சும்மா விடுவதில்லை. எரிமலைச் சாம்பல் அடுப்புச் சாம்பல் அல்ல. பொடியான பாறையும் கண்ணாடித் துகளும். மூச்சுக்குழாயை அரிக்கும், விமான எஞ்சினைக் கெடுக்கும், மழையில் நனைந்து கனத்தால் கூரையை அமுக்கும். 2010-ல் சலாக் தோட்டங்கள் அதன் பாரத்தில் மடிந்து விழுந்தன. போரோபுதூர் பௌத்தத் தூபியின் கற்படிகளில் சாம்பல் படிந்து, அதைப் பார்வையாளர்களுக்கு மூடிவைத்துத் துடைக்க வேண்டியிருந்தது. அடுத்த மழைக்காலத்தில் சரிவில் கிடந்த சாம்பலும் கல்லும் நீரோடு கலந்து, ஈரச் சிமென்ட் கலவைபோல ஆறுகளில் இறங்கின. 2011 ஜனவரியில் இந்தச் சேற்று வெள்ளம் மகெலாங் – யோக்யகர்த்தா நெடுஞ்சாலையையே துண்டித்தது. இதற்கும் முன்னெச்சரிக்கை உண்டு: மேலே மழைமானிகளும் ஆற்றோரம் அதிர்வு உணரிகளும் கேமராக்களும் வைத்து, கீழே மணல் அள்ளுபவர்களைக் கரையேறச் சொல்கிறார்கள்.

கருவிகளுக்கு எட்டாத வெடிப்புகளும் உண்டு. நிலத்தடி நீர் திடீரென நீராவியாகி வெடிக்கும்போது முன் அறிகுறி மிகக் குறைவு. 2018 மே 11 அன்று மெராப்பியே அப்படி வெடித்தது. பெயரில் இதற்கு மிக நெருங்கிய, ஆனால் சுமத்ராவில் உள்ள மராப்பி மலை, 2023 டிசம்பர் 3 அன்று திடீரென வெடித்து 24 பேரைக் கொன்றது. அது அப்போது இரண்டாம் படியில் இருந்தது. மலைவாயிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் போக வேண்டாம் என்று எரிமலைத் துறை சொல்லியிருந்தது. அப்படியும் மலையேற்றப் பாதை திறந்தே இருந்தது, எழுபதுக்கும் மேற்பட்டோர் மலையில் இருந்தார்கள். அங்கே எச்சரிக்கை இருந்தது, அதைச் செயலாக்க யாரும் பாதையை அடைக்கவில்லை.

2010-க்குப் பிறகு மெராப்பியின் மேற்குப் பக்கத்து மகெலாங் மாவட்டத்தில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். மேலே உள்ள ஒவ்வொரு ஊருக்கும் பாதுகாப்பான தூரத்தில் ஓர் ஊரைச் சகோதர ஊராக இணைத்தார்கள். எந்தச் சாலையில் போவது, எந்த வண்டியில் ஏறுவது, எங்கே தங்குவது, மாடுகளை எங்கே கட்டுவது என்பதெல்லாம் மலை அமைதியாக இருக்கும்போதே பேசி முடிவானவை. 2020 நவம்பர் 5 அன்று எச்சரிக்கை மூன்றாம் படிக்கு உயர்ந்ததும், கொரோனா பரவியிருந்த அந்தக் காலத்திலும், மேலூர்களின் முதியவர்களும் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் முதலில் இறங்கித் தங்கள் சகோதர ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.