அகராதி பிடித்த விளையாட்டு

லீவில் பிள்ளைகள் ஆடுகிற அகராதி விளையாட்டு பொய் சொல்லத்தான் பழக்குகிறது என்று எதிரணி அம்மா ஒரு போடு போட்டார்கள். அந்த விளையாட்டை நானும் ஆடியிருக்கிறேன். ஏரல்ல, எங்க வீட்டுத் தார்சாவில்!

ஆட்டம் இதுதான். ஒருத்தர் பெரிய ஆங்கில அகராதியைப் பிரித்து, யாருக்குமே தெரியாத ஒரு சொல்லைச் சொல்லணும். மற்றவர்கள் ஆளுக்கொரு பொய்ப் பொருளைச் சீட்டில் எழுதித் தரணும். அவர் நிஜப் பொருளையும் அதில் கலந்து, சிரிக்காமல் வாசிப்பார். நிஜத்தைக் கண்டுபிடித்தால் ஒரு பாயிண்ட். நம்ம பொய்யை எத்தனை பேர் நம்புகிறார்களோ, நமக்கு அத்தனை பாயிண்ட். 1965-ல் பிபிசியே இந்த மாதிரி ஒரு டி.வி. நிகழ்ச்சியை ஆரம்பித்தது.

எங்க ஊருக்கு இதெல்லாம் புதுசா? ஆங்கிலத்தில் சேர்மன் என்றால் தலைவர். ஏரலில் வந்து கேளுங்க, சேர்மன் என்றால் சாமி! சேர்மனாக இருந்த அருணாசல சுவாமி கோயிலுக்கு ஆடி அமாவாசையில் வருகிற கூட்டத்தைப் பார்த்தால் தெரியும்.

பேரன் எடுத்த சொல் 'சாங்க்'. கண்டக்டர் பையில் சில்லறை குலுங்குகிற சத்தம் என்றாள் பேத்தி. கிணற்று ராட்டினம் கிறீச்சிடுவது என்றாள் மருமகள். முனைவர் பட்டம் வாங்கிய நான், பனிமலை ஏறுகிறவன் பூட்ஸில் அடிக்கிற ஆணி என்று எழுதினேன். இரண்டு பேர் நம்பிட்டாங்க! கடைசிச் சீட்டு: "இந்தியக் கடலில் கிடைக்கும் பெரிய நத்தை ஓடு. அறுத்து வளையல் செய்வார்கள்." நத்தையில் வளையலா? ஒருத்தரும் தொடவில்லை. மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த எங்கம்மா சொன்னாங்க: "எய்யா, அது நம்ம சங்குல்லா!"

தூத்துக்குடிக் கடலில் முங்கி எடுத்த சங்கு வங்காளத்துக்குப் போய், அங்கே கல்யாணப் பெண் கையில் வளையலாகும். பக்கத்து ஊர்ச் சரக்கு. கோட்டு போட்டு வந்ததும் எனக்கு அடையாளம் தெரியலையே!

1886-ல் யூலும் பர்னலும் தொகுத்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியைப் புரட்டுங்கள். பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். நம்ம மிளகுத்தண்ணி அதில் 'மல்லிகடானி' ஆகி நிற்கும். நாலு மரத்தைச் சேர்த்துக் கட்டிய நம்ம கட்டுமரம், இன்றைக்கு ஆங்கிலத்தில் இரட்டை உடம்புப் படகு!

இதைப் படிக்கப் படிக்க எனக்குள் ஓர் உறுத்தல். "வெள்ளைக்காரன் கேஷ் என்பது நம்ம காசுதான்!" இது பல வருஷமாக மேடையில் நான் கைதட்டு வாங்கிய வரி. அன்றைக்கு ராத்திரி அகராதியைப் பார்த்தேன். கேஷ் இரண்டு இருக்கிறது. ரொக்கம் என்கிற கேஷ், பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. கீழைநாடுகளில் புழங்கிய சின்ன நாணயத்துக்கும் கேஷ் என்று பெயர். போர்த்துக்கீசியர் வாய்வழியாகப் போன நம்ம காசு அதுதான். இரண்டையும் ஒன்றாக்கி ஊர் ஊராக விற்றிருக்கிறேன்.

எதிரணி அம்மா கவனிக்கணும். நான் பொய் பழகியது தார்சாவில் இல்லை, மேடையில்! அது வெளுத்ததுதான் தார்சாவில்.

மறுநாள் பேரனிடம் ஒத்துக்கொண்டேன். அவன் பேப்பரையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

"தாத்தா, கைதட்டினவங்க அத்தனை பேரும் நம்பினாங்கள்லா? அப்போ உங்களுக்கு எத்தனை பாயிண்ட்?"