கிடுகுக் கூரையின் கீழ் ஏழு நாள்

யூதரின் அறுவடை விழா சுக்கோத். கூடாரப் பெருவிழா என்போம். களத்துத் தானியமும் திராட்சை இரசமும் சேர்த்து முடிந்தபின், செப்டெம்பர், ஒக்டோபர் அளவில் வரும். விளைச்சல் நிறைந்த அந்த வேளையில் வீட்டை விட்டு ஏழு நாள் குடிலில் இருக்கவேண்டும். எகிப்திலிருந்து வெளியேறிய முன்னோர் குடில்களில் இருந்ததைச் சந்ததி அறியவேண்டும் என்பதே லேவியர் 23ஆம் அதிகாரம் தரும் காரணம்.

கூரைக்குத் தகரம் ஆகாது. வெட்டிய கிளையோ ஓலையோதான் போடவேண்டும். வெயிலிலும் நிழல் கூடுதலாக இருக்கவேண்டும். ஆனாலும் இடையால் நட்சத்திரம் தெரிய விடுவார்கள். கொச்சியில் வாழ்ந்த யூதர் தென்னோலை பின்னி வேய்ந்தனர். கிடுகு பின்னும் நம் பெண்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மழை ஒழுகினால் வீட்டுக்குள் போகவும் மரபு இடங்கொடுக்கிறது. முகாம் கொட்டிலில் நனைந்தவர்களுக்கு அந்த வசதி ஏது!

விருந்துக்கு யாரை அழைப்பது என்பதை இணைச்சட்டம் 16ஆம் அதிகாரம் ஒவ்வொருவராகக் குறிக்கிறது: மகன், மகள், வேலையாட்கள், லேவியர், அந்நியர், அநாதை, கைம்பெண். இதில் லேவியருக்குப் பங்குக் காணியே இல்லை. காணியற்றவர் அங்கே பிச்சைக்கு நிற்பவரல்லர், பந்தியில் இருப்பவர்.

கொச்சி யூதரில் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். பலர் நெகேவ் வறள்நிலத்தில், நெவாத்தீம் போன்ற ஊர்களில், விவசாயம் புதிதாகப் பழகினர். அங்கே தென்னோலை இல்லை. கிடைத்த ஓலையால் குடில் வேயவேண்டியிருந்தது.